கமலவேணி பாவு நீட்டிய இடம்

கமலவேணிக்கு இந்தப் பூமியில் தேவைப்பட்டது அறுபது அடி நேரான தரை. தறியில் ஏற்றுகிற நீள நூல்தான் பாவு; மூன்று புடவைக்கான பட்டுப் பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப்போட அவ்வளவு இடம் வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவோ நடுவில் வளைந்து, வளைவில் ஒரு குழாயடியையும் வைத்துக்கொண்டிருந்தது. அதனால் மாமியார் காலத்திலிருந்தே தெருக்கோடிக் கல்கோயிலின் மதிலோரம்தான் அவர்கள் பாவு நீட்டினார்கள். விடிவதற்குள் போய், வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பூசை நின்று வௌவால் குடியேறிய கோயில் அது. யாரும் ஏனென்று கேட்டதில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் பெரிய மனிதர்கள் சிலர் வந்து, கோயிலுக்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உடனே மதிலோரத்தையும் வளைத்துக் கம்பிவேலி வந்தது, காசிநாதன் என்கிற காவலாளி வந்தார், அத்துமீறி நுழைந்தால் தண்டனை என்று நீலப் பலகையும் வந்தது.

"கல்லு கெட்டுப்பூடும்மா" என்றார் காசிநாதன்.

நூல் உரசிக் கல் எப்படிக் கெடும் என்று கமலவேணிக்கு விளங்கவில்லை. விளங்காமலே ஐந்து வருஷம் குழாயடியில் மல்லுக்கட்டினாள். குடம் இடித்து இழைகள் அறுந்தன. கணவன் நமச்சிவாயம் தறியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான்.

எழுபத்துமூன்று தை மாதத்தில் அதே காசிநாதன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கோயில்ல பொருட்காட்சி போடறாங்கமா. வெள்ளக்காரங்கள்லாம் வராங்க. நீ முன்ன மாதிரி மதிலோரம் பாவு நீட்டணுமாம்."

"இப்போ கல்லு கெட்டுப்பூடாதாண்ணா?"

"அது எனக்கு இன்னாமா தெரியும்? ஆபீசர் சொல்லிக்கினு இருக்காரு, வந்துடு."

இடம் திரும்பக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்துத் தறியேற வேண்டிய அரக்குப் பாவையே எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு நீட்டச் சொன்னார்கள். சாயங்காலத்தில் எவள் பாவு நீட்டுவாள்? கஞ்சி தெளித்து முடித்தால், படம் சரியாக விழவில்லை, இன்னொரு தரம் தெளியுங்கள் என்றார்கள் படம் பிடிக்க வந்தவர்கள். மூன்று நாளும் அதே பாவை நீட்டிச் சுருட்டியதில் அது அப்பளமாய் விறைத்துப்போனது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் ஆபீசரிடம் தயங்கிக்கொண்டே கேட்டாள்: "இனிமே தெனமும் இங்க வரலாங்களா, சார்?"

"இது உங்க பாரம்பரியம்மா!" என்று சிரித்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

அது ஆமாவா, இல்லையா? நமச்சிவாயம் ஆமாம் என்றான். பக்கத்து வீட்டில் இல்லை என்றார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு, புதுப் பாவோடு இருவரும் விடியலில் போனார்கள்.

வாசல் பூட்டியிருந்தது. வேலியோரம் நீலப் பலகைக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு பலகை நின்றது. அதில் கமலவேணி பாவின்மேல் குனிந்திருந்தாள். கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: காலங்காலமாக நெசவாளர்கள் பாவு நீட்டிவரும் இடம்.

"இது நான்தானேண்ணா?"

"நீயேதாம்மா. படத்துல நல்லா விழுந்துக்கிற" என்றார் உள்ளே நின்ற காசிநாதன்.

"அப்போ கதவத் தொற."

"அதுக்கு உத்தரவு வரலியேமா."

ஒரு பலகை வா என்றது, ஒரு பலகை போ என்றது. கமலவேணிக்கு அழுகை வந்தது. பொரிந்து தள்ளலாம் என்றால் யாரைத் திட்டுவது என்றும் புரியவில்லை. கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் யாருக்காகவும் காத்திருக்காது. பாவின் ஒரு முனையைத் தன் படம் இருந்த பலகையின் காலிலேயே கட்டினாள். மறுமுனையை நமச்சிவாயம் வண்டி போகும் பாதையில் இழுத்துக்கொண்டு நடந்தான்.

"இது தப்பாண்ணா?" என்று கேட்டாள்.

காசிநாதன் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் படித்தார்.

"தெர்லியேமா" என்றார். பிறகு வேலிக்குள்ளிருந்தே கையை நீட்டி, முடிச்சு நழுவாமல் பிடித்துக்கொண்டார்.