கம்ப்ரசர் காற்றில் போன படங்கள்

போன வாரம் அலுவலகத்தில் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். வெள்ளிநிற உறையைக் கிழித்துப் புதியதை மாட்டினார். சர்வரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து மேசைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உறையில் புதுப் பிளாஸ்டிக் வாடை. எனக்கு ஏனோ சுட்ட ரப்பர் வாடை நினைவுக்கு வந்தது.

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. பழங்காநத்தத்தில் பஸ் ஏறி, திருநகர் வருவதற்குள் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு யோகம். கம்பெனியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று ஏசி அறை, வெல்வெட் உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இவ்வளவு பக்தி இருந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததெல்லாம் எங்கள் படவரைவாளர் செல்வின் அண்ணன் வரைந்த, ரப்பர் வார்க்கும் இரும்பு அச்சுகளின் படங்கள். அவர் மிஷன் பள்ளி வாத்தியார் மகன், அதிர்ந்து பேசாதவர். மூன்று வருடத்தில் நூற்றுப் பதினான்கு படங்கள். எண்ணியது நான்தான். எண்ணுவது என் வியாதி.

ஒருநாள் டிஸ்க் டக், டக் என்று தட்ட ஆரம்பித்தது. முதலாளிக்குக் குறிப்பு எழுதினேன். ஒன்று, சத்தம். இரண்டு, படம் திறக்கக் கால்மணி நேரம். மூன்று, நேற்று திறந்தது இன்று திறக்கவில்லை. அவர் தன் மச்சினன் குமரேசனைக் கூப்பிட்டார். குமரேசன் முன்பு டிவி விற்றவர். அந்தத் தகுதியில் எங்கள் கம்ப்யூட்டருக்கு அவர்தான் அதிகாரி. வைரஸ் வரும் என்று, நகல் எடுக்க இருந்த ஒரே வழியான ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றி வைத்திருந்தவரும் அவர்தான்.

"என்ன மாப்ள, இந்தப் பிள்ளை பயமுறுத்துது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான். சி டிரைவ் போனா என்ன, அம்புட்டையும் டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்ல."

"சார், சியும் டியும் ஒரே டிஸ்க்குதான். ஒரே பெட்டியில ரெண்டு தடுப்பு மாதிரி."

"ரெண்டு பேர் இருக்குல்லம்மா? அப்ப ரெண்டுதான்" என்றார் முதலாளி.

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்ல எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. ஆயுத பூஜை முடியட்டும், வாங்கலாம் என்றார். மூன்று முறை குறிப்பு கொடுத்தேன். மூன்றிலும் அவர் கையெழுத்தை வாங்கிப் பத்திரப்படுத்தினேன்.

பூஜைக்காகக் கம்பெனியையே கழுவிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு ஒரு முறை உண்டு. எந்த இயந்திரமானாலும் மூடியைத் திற, கம்ப்ரசர் குழாயால் காற்றடி, துணியால் துடை, சந்தனம் வை. பி.இ. படித்த என்னை முன்னறையில் பொரிகடலைப் பொட்டலம் போட உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே ஏசி அறையிலிருந்து காற்றுச் சீறும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினேன்.

வெல்வெட் உறையின் மேல் டிஸ்க் மல்லாந்து கிடந்தது. மேல்மூடியைக் காணோம். உள்ளே கண்ணாடிபோல் மின்னும் தகட்டின்மேல் குமரேசன் குழாயைப் பிடித்திருந்தார்.

"வாம்மா. டக்டக்குன்னியே, தூசிதான். இப்பப் பாரு, மொகமே தெரியுது."

தெரிந்தது. முகத்துக்குப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகையும் தெரிந்தது.

"அண்ணே, அதத் தெறக்கவே கூடாதுண்ணே. ஒரு தூசி பட்டாலே படமெல்லாம் போயிரும்."

"தெறக்கக் கூடாதுன்னா எதுக்கு ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கான்?"

மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டினார்கள். முதலாளி கற்பூரம் காட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினார். டிஸ்க் இரண்டு முறை தட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"சத்தம் போயிருச்சு பாத்தியா" என்றார் குமரேசன்.

பூஜை முடிந்த மறுநாள் புது டிஸ்க் வந்தது. மாட்டி முடித்ததும் குமரேசன் அதில் தன் பழைய டி டிரைவைத் தேடினார். தேடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. தாளில் எடுத்த படங்களைக் கேட்டால், பட்டறையில் எண்ணெய் துடைத்தே தீர்த்திருந்தார்கள்.

சென்னையில் எங்களிடம் வண்டிகளுக்கான ரப்பர் புஷ் வாங்கும் கம்பெனி மாதக் கடைசிக்குள் எல்லாப் படங்களையும் கேட்டிருந்தது.

"படம் போகலைன்னா ஆர்டர் போயிரும். ஆர்டர் போச்சுன்னா செல்வினுக்கு இங்க என்ன வேலை?" என்றார் முதலாளி. செல்வின் அண்ணனை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் கையெழுத்துப் போட்ட மூன்று குறிப்புகளையும் மேசைமேல் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"தமிழ் நல்லா எழுதுறம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செல்வின் அண்ணன் கிடங்குக்குப் போய் முதல் இரும்பு அச்சைத் தூக்கி வந்து துடைத்தார். வெர்னியர் அளவுகோலை வைத்து அவர் அளவைச் சொல்ல, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு அச்சாக, பதினாறு நாள். என் கணக்கு எங்கே இடித்தாலும் திரையைப் பார்க்காமலே, "அங்க அரை மில்லி விட்டுப்போச்சு, மேடம்" என்பார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் டிகிரியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. முதல் படத்தில் செல்வின் என்று போட்டேன். பின்னால் வந்து நின்ற முதலாளி, "அங்க மாப்ள பேரைப் போடும்மா. புது டிஸ்க்கு வாங்கி மாட்டுனது அவந்தான?" என்றார்.

செல்வின் அண்ணனைப் பார்த்தேன்.

"போடுங்க மேடம். அடுத்த அளவு சொல்றேன்."

நூற்றுப் பதினான்கு முறை குமரேசன் என்று போட்டேன். ஆர்டர் தப்பியது, செல்வின் அண்ணன் வேலையும் தப்பியது. டிஸ்க்குக்காக மூன்று குறிப்பு எழுதியவள், இதற்காக நாலாவது ஒன்று எழுதவில்லை.

கம்பெனியை மூடி, அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்தப் படங்கள் சென்னையில் யாரிடமாவது இன்னும் இருக்கலாம். குமரேசன் வரைந்தவையாக.