இருபத்தைந்து நிமிடம்

நேரம் கூடிப்போச்சா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். கூடிப்போயிருந்தது, அது எனக்கும் தெரியும். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிட்டார். ஒரு வருடத்துக்குள் இறந்தும் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். உயிர்வேதியியலில் முதுகலை முடித்தவன் என்ற கர்வம் அப்போது நிறைய இருந்தது. கோவையில் ஒரு பெண் டாக்டர் வாய்ப்புற்று நோயாளிகளை வைத்து ஆய்வு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். கட்டியில் பி53 என்ற புரதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், நோய் யாருக்குத் திரும்பும், யார் பிழைப்பார் என்று முன்பே சொல்லிவிட முடியுமா? அதுதான் அவருடைய கேள்வி. பதில் இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால் நோயாளிகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து நோயாளிகளின் சதைக்கு நிறமேற்றிப் பார்ப்பது என் வேலை.

சதையை மெல்லிய சீவலாகக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சமையல் குக்கரில் வேகவைப்பேன். கடைசியில் ஒரு கரைசலில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். நேரம் கூடினால் புரதம் இல்லாத இடமும் பழுப்பாகிவிடும்.

அந்த மனிதர் மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். துணிக் குடோனில் பீடி பற்றவைக்கக் கூடாது என்பதால் இருபது வருடம் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கி வைத்தே பழகியவர். அந்தக் கன்னத்தில்தான் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. அடுத்து ஆறு வாரம் தினமும் கோவைக்குப் போய்க் கதிர்வீச்சு வாங்க வேண்டும். அதற்கு முன் ரத்தம் கொடுக்க எங்களிடம் வந்திருந்தார்.

குக்கரைப் பார்த்ததும் தைத்த வாயோடு சிரித்தார். "பருப்பு வேகுதுங்களா சார்?"

"உங்க கன்னந்தாங்க இதுல வெந்துச்சு" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். வாயை அதோடு மூடியிருக்கலாம். அவருடைய தகடு கடைசிக் கரைசலில் கிடக்க, புரதம், நிறம், அதைப் பார்த்தே நோயின் போக்கைச் சொல்லிவிடுவது என்று எல்லாவற்றையும் அவரிடம் பெருமையாக அளந்தேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் படிப்பை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

தகட்டை எடுத்தேன். வெறுங்கண்ணுக்கே பழுப்பாகத் தெரிந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நேரம் கூடிப்போச்சுங்களா?"

நிறத்தில் ஊறிய கைகள் அவருடையவை. பட்டறைக்காரர் ஒருவர் என் வேலையில் குறை கண்டுபிடிக்கிறாரே என்று சுருக்கென்றது.

"இல்லீங்க. பிடிக்க வேண்டிய அளவுதான் பிடிச்சிருக்கு."

"அப்ப அடர் நெறம்தானுங்க. அடர்ந்தா திரும்ப வரும்னீங்க."

"அப்படித்தான் சொல்றாங்க."

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அப்பறம் எதுக்குங்க தெனமும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறோணும்?" என்றார். போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலமே, ஒப்பிட்டுப் பார்க்க அதே கரைசலில் வைத்திருந்த நல்ல சதையின் தகட்டை எடுத்துப் பார்த்தேன். நிறமே ஏறக் கூடாத அதுவும் பழுப்பாக இருந்தது. மீதமிருந்த சீவலை எடுத்துச் சரியாகப் பத்து நிமிடம் வைத்தேன். அவருடைய சதையில் நிறம் மிக லேசாகத்தான் ஏறியது. ஆய்வுப் படிவத்தில் சரியானதையே எழுதினேன். அடுத்த முறை வரும்போது அவரிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போகும் மங்கலம் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஒரு நாளும் நான் அதில் ஏறவில்லை.

அவர் கதிர்வீச்சுக்குப் போகவில்லை என்று கோவையிலிருந்து தகவல் வந்தது. படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் "நோயாளி மறுத்தார்" என்று என் கையாலேயே எழுதினேன். பிறகு அவர் இறந்த செய்தியையும் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து முடிவுகளைத் தொகுக்கும்போது டாக்டர் அந்தப் படிவத்தில் விரலை வைத்தார். "நிறம் லேசா இருக்கு. ஆனா இவ்வளவு சீக்கிரம் போயிட்டார். ஏன் ட்ரீட்மென்ட் வேண்டாம்னார்? பாவம், பயந்துட்டார் போல." இறந்தவர் மேல் பழி விழுவதை அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. படிவத்தில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, காரணத்தை என்னையே எழுதச் சொன்னார். மறுநாளிலிருந்து எனக்கு அந்த ஆய்வில் வேலை இல்லை.

அந்த வாரமே மங்கலம் பஸ் ஏறினேன். டையிங் மாஸ்டரின் மனைவி பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்பவர். வாசலில் நிற்கவைத்தே நான் சொல்வதைக் கேட்டார்.

"ஊட்டுக்கு வந்ததும் சொன்னாருங்க," என்றார். "அந்த சார் நேரத்த உட்டுட்டாரு, நெறத்தப் பாத்தாலே தெரியுதுன்னாரு. அப்பறம் அவரே, படிச்சவரே கூடலீங்கறாரு, நாம பாத்ததுதான் தப்பா இருக்கும்னுட்டாரு."

அவரே தொடர்ந்தார். "கூலி போயிருமுன்னு நாந்தான் ஆசுபத்திரிக்கு உடலீன்னு அவரு சனமெல்லாம் பேசுதுங்க. கொழுந்தன் எம்பட ஊட்டுப் படி மிதிச்சு ரெண்டு வருசமாச்சு. இப்ப சொன்னத ஒரு காயிதத்துல எழுதுங்க. கொழுந்தன் முன்னால படிங்க."

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டு வாசலில் நின்று படித்தேன். அவரும் சாயப்பட்டறைக்காரர்தான். பாதியில் நிறுத்தச் சொல்லி, "எத்தன நிமிசம்?" என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தை வாங்கி மடித்தார்.

"உள்ள வாங்க அண்ணி" என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போனார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.