கூரைக் கண்ணாடியும் நான்கு மணியும்

என் அம்மா வேலை பார்த்த நூல் மில், அவள் களை பறித்த வயலின் மேலேயே எழுந்தது. நிலத்துக்காரர் விற்றுவிட்டுப் போனார். கூலிக்கு நின்ற நாற்பது பெண்களும் மில்லுக்குள் போனார்கள். இதைச் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறவர்கள் உண்டு. கொட்ட வேண்டாம். சேற்றில் குனிந்து முதுகு ஒடிந்தது போதும் என்றுதான் அம்மா போனாள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட அவள் விரல்கள் பத்தே நாளில் பழகிவிட்டன.

பழகாதது கடிகாரம்தான். காலை ஏழுக்குச் சங்கு ஊதினால் உள்ளே, மாலை நான்குக்கு ஊதினால் வெளியே. உள்ளே வேலை செய்கிறவர்கள் கைக்கடிகாரம் கட்டக்கூடாது. மேஸ்திரியின் தலைக்கு மேல் தொங்கிய சுவர்க் கடிகாரம் சொன்னதே நேரம். ஆனால் நிழலைக் காலடியால் அளந்து கரையேறிய பெண்களுக்கு நேரம் தெரியாதா? கூரையில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நான்கு மணிச் சங்குக்கு அதன் வழியே விழும் வெயில் தரையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அம்மா சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். பெரிய ஆர்டர் வந்த வாரத்தில், வெயில் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போன பிறகுதான் சங்கு ஊதியது. பருவத்துக்கு வெயில் நகரும்தான். ஒரே வாரத்தில் ஒரு முழம் நகராது.

அப்போது நான் ஐந்து மாதக் குழந்தை. மதியம் அத்தை என்னை மில் வாசலுக்குத் தூக்கி வருவாள். அடுத்த பால் நான்கு மணிக்கு. புட்டியை வைத்தால் துப்பிவிடுவேனாம். என் பசியில் கை வைத்ததைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

கோட்டைத் தாண்டிய வெயிலைக் காட்டி மேஸ்திரியிடம் கேட்டாள். கடிகாரம் பொய் சொல்லுமா வெயில்காரி என்று அவர் கிண்டலடித்தார். அதுவே அவள் பெயராகிவிட்டது.

"கடிகார முள்ளத் தள்ள ஆள் இருக்கு மேஸ்திரி. சூரியனத் தள்ள யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

மறுநாள் போனபோது கூரைக் கண்ணாடியில் தார் பூசியிருந்தது. அங்கேதான் மில்காரர்கள் சொதப்பினார்கள். அதுவரை உனக்கேன் வம்பு என்ற பெண்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். கடிகாரம் ஒழுங்காக ஓடினால் வெயிலை ஏன் மறைக்க வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் கூடிப் பேசினார்கள். இனி நேரம் எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். தனக்குத் தெரியும், தான் மெஷினை நிறுத்தினால் எல்லோரும் நிறுத்துங்கள் என்றாள் அம்மா.

சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியபோது அவளுக்குப் பால் கட்டி, மேல்சட்டை நனைந்தது. மெஷினை நிறுத்தினாள். ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதும் நின்றன. மேஸ்திரி ஓடிவந்து, அத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்று கத்தினார்.

"போனாப் போகட்டும். என் பிள்ளைக்கு மணி நாலாச்சு."

வாசலில் காவல்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் சட்டையையும் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆர்டர் காத்திருந்ததால் நாற்பது பேரையும் நீக்க முடியவில்லை. தாரைச் சுரண்டாமல் உள்ளே வர மாட்டோம் என்று மறுநாள் காலை அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் மேஸ்திரியே ஏணியில் ஏறினார். அம்மா கீழே நின்றுகொண்டு, மூலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டினாள்.