ஞானதுரைக்கு மாற்றாக வந்தவன்

ராஜபாளையத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த ஒரு நூல் மில்லில் அசன் முகம்மதுவுக்கு இரண்டு வேலை. பகலில் ஸ்பின்னிங் பிரிவில் பிட்டர். சாயங்காலம் மில்லின் பாஸ்கட்பால் அணிக்குப் பயிற்சியாளர். இரண்டாவது வேலைக்கு அவரை யாரும் முறையாக நியமித்ததில்லை. வாலிபத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மில்லில் இன்னும் இருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஊரில் அப்போது நன்றாக ஆடுகிறவனுக்கு ஏதாவது ஒரு மில்லில் வேலை நிச்சயம். புதிதாக ஒருத்தன் பந்தைத் தொட்டால், "பாய் என்ன சொல்லுதாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

1986 ஐப்பசியில் ஒருநாள், அணியின் தூண் மாதிரி இருந்த ஞானதுரையை மில் நிர்வாகம் வேறு மில்லுக்குக் கொடுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த மில் அது. இரண்டு மில் முதலாளிகளும் உறவுக்காரர்கள். ஆளுக்கு ஆள் மாற்று என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முன்பும் அப்படி நடந்ததுண்டு. ஆனால் ஞானதுரைக்குப் பதிலாக வந்தவனைப் பார்த்ததும் அசன் முகம்மதுவுக்கு நம்ப முடியவில்லை.

வந்தவன் பெயர் சிவனாண்டி. கான்சாபுரத்துக்காரன். இருபத்திரண்டு வயதிருக்கும். அந்த மில் குடோனில் பஞ்சுப் பொதி தூக்கிக்கொண்டிருந்தவன். வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வர முடியும், அவ்வளவு உயரம். பந்தைத் தரையில் தட்டச் சொன்னால் அது அவன் காலில் பட்டு ஓடியது. வளையத்துக்குக் கீழே நின்று போட்டதும் உள்ளே விழவில்லை.

லேபர் ஆபீசர் ராஜரத்தினம் மைதானத்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. விளையாட்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்காதவர்.

"பாய், பொறுமையா பாருங்க. பையன் எப்படி வருவான்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றார்.

அசன் முகம்மது பார்த்தார். பார்ப்பதில் அவருக்குச் சலிப்பு கிடையாது. முதல் சில வாரங்கள் சிவனாண்டியின் கையில் எதுவும் ஏறவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவர் வேறு ஒன்றைக் கவனித்தார். போர்டில் பட்டுத் திரும்பும் பந்துக்காக வளையத்தின் கீழே இடம் பிடித்து நின்றால், சிவனாண்டியை யாராலும் அசைக்க முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் முடியவில்லை. அவன் கண் பந்து மேலேயே இருந்தது. 'ஆட்டம் வராவிட்டால் என்ன, இவனை வைத்து ஒரு தடுப்பே கட்டலாம்' என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பாடம்தான்: காலை ஊன்று, வழி விடாதே.

ஒருநாள் பயிற்சியில் பீர் மைதீன் பந்தோடு உள்ளே புகுந்தபோது சிவனாண்டியின் முழங்கை அவன் வாயில் பட்டது. முன்பல் உடைந்து, சட்டை முழுக்க ரத்தம். எல்லாரும் ஓடினார்கள். சிவனாண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஏலே, அவன் விழுந்து கெடக்கான். பாத்துக்கிட்டு நிக்க?"

"நீங்கதான பாய் வழி விடாதன்னு சொன்னிய."

குரலில் எதிர்ப்பு இல்லை, வருத்தமும் இல்லை. அசன் முகம்மது பீர் மைதீனைத் தூக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வருவார். அவர் மனைவி நூர்பானு பரிமாறுவாள். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் சோறு வைக்க மறந்து குழம்பை மட்டும் ஊற்றிவிட்டாள். அவன் வெறும் குழம்பை வழித்துக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

அவன் போன பிறகு அவள் சொன்னாள்: "சோறு வைங்கன்னு கேக்கக்கூட இல்ல பாத்தியளா. வச்சதத் திங்கான், சொன்னதச் செய்யுதான். எனக்கு அந்தப் புள்ளயப் பாத்தா என்னமோ போல இருக்கு."

"பயந்த சுபாவம்."

"பயமா இருந்தா நல்லதுதான். அவன் மொகத்துல பயத்தையும் காணலியே."

மார்கழியில் ராஜரத்தினம் மறுபடி மைதானத்துக்கு வந்தார். எத்தனை பந்து வளையத்தில் போடுகிறான், எப்படி ஓடுகிறான் என்று அவர் கேட்கவில்லை.

"கோபம் வருமா?"

"வராது சார். நாலு பேரு இடிச்சாலும் மொகம் மாறாது."

"சொன்ன பேச்சு கேப்பானா?"

அசன் முகம்மதுவுக்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது. "அதுல அவன அடிச்சுக்க ஆளில்ல சார். நில்லுன்னா நிப்பான், இடின்னா இடிப்பான். எதுக்குன்னு கேக்க மாட்டான். அடிபட்டவன் யாருன்னும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"போதும் பாய்" என்றார் ராஜரத்தினம். சிரித்த முகமாகவே போனார்.

மறுவாரம் சிவனாண்டிக்கு வேலை உத்தரவு வந்தது. ஸ்பின்னிங்கில் இல்லை, குடோனிலும் இல்லை. காவல் பிரிவில் போட்டிருந்தார்கள்.

தை பிறந்ததும் ஒரு நிலத்தகராறு சம்பந்தமாக அசன் முகம்மது ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பஸ் ஸ்டாண்டில் ஞானதுரை எதிரே வந்தான். டீக்கடைக்குள் இழுத்துப் போனான்.

"அண்ணே, அந்தப் பயலுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கியளாமே."

"வருவான்டா. ஒன்ன மாதிரி ஆகாது. ஆனா..."

"அவன் ஆட்டத்துக்கு வந்தவன் இல்லண்ணே." ஞானதுரை குரலைத் தாழ்த்தினான். "இவன் இங்க இருந்தப்ப மாரிச்சாமின்னு ஒரு தொழிலாளி, நியாயம் வேணும்னு மில் கேட்டுக்கு முன்னால படுத்துக்கிட்டான். தூக்கிப் போடுன்னு குடோன் சூப்பர்வைசர் இவன்ட்ட சொன்னாரு. தூக்கிப் போட்டான். மாரிச்சாமிக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. அதக் கேள்விப்பட்டுதான் ஒங்க ஆபீசர் வந்து இவனப் பாத்துட்டுப் போனாரு. நான் யூனியன்ல இருந்தேன், என்னைய வெளிய தள்ளணும். அவன உள்ள கொண்டாரணும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"எதுக்கு?"

"ஒங்க மில்லுல ஆளக் கொறைக்கப் போறாவ. யூனியன் தலைவரு ஐயாதுரை அண்ணன் சும்மா விடுவாரா? கேட்டுல ஒக்காருவாரு."

டீ ஆறிப்போயிருந்தது. அசன் முகம்மது அதைக் குடிக்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில், ராஜரத்தினத்திடம் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

மறுநாளே ஆபீசரைப் பார்த்தார்.

"சார், அந்தப் பையன் தேற மாட்டான். திருப்பி அனுப்பிருங்க."

"ஆட்டத்துக்கா?"

"ஆமா சார்."

"அதனால என்ன பாய். நீங்க சொன்ன மத்ததெல்லாம் எனக்குப் போதும்."

அன்று சாயங்காலம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு சிவனாண்டியை நிறுத்தினார்.

"ஏலே, கேட்டுல ஏதும் தகராறுன்னா நீ போகக் கூடாது. ஆபீசரு கூப்பிட்டாலும் போகாத. வெளங்குதா?"

"சரி பாய்."

"என்ன சொன்னேன்?"

"போகக் கூடாதுன்னிய." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "பொறவு அவரு போன்னு சொன்னா?"

கடைசியாகச் சொன்னவர் யாரோ அவர் சொன்னதுதான் இவனுக்கு. அது அசன் முகம்மதுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஐயாதுரையும் மற்றவர்களும் மில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் நாட்கள் அமைதியாகப் போயின. நூல் ஏற்றிய லாரி வெளியே போக வேண்டியிருந்த காலையில் கேட்டின் உள்பக்கம் ராஜரத்தினம் நின்றார். பக்கத்தில் சிவனாண்டி.

அசன் முகம்மது எந்த யூனியனிலும் இருந்தவர் இல்லை. அன்று அவர் போய் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்தார். தன்னைப் பார்த்தால் அவன் நிற்பான் என்று நினைத்தார்.

சிவனாண்டி வெளியே வந்தான். அவரைப் பார்த்து நின்றான்.

"திரும்பிப் போயிரு லே" என்றார்.

அவன் திரும்பி ராஜரத்தினத்தைப் பார்த்தான். அவர் கையை முன்னால் காட்டினார். சிவனாண்டி குனிந்து, அசன் முகம்மதுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். வலிக்காமல்தான் தூக்கினான். ஓரமாக மண்ணில் உட்கார வைத்தான், விலகியிருந்த அவர் வேட்டியைக்கூட சரி செய்தான். பிறகு அடுத்த ஆளுக்குப் போனான்.

அடுத்து இருந்தவர் ஐயாதுரை. அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிடுங்கி வீசியதில் வாறுகால் சாக்கடையின் கல்விளிம்பில் தலை மோதியது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நினைவு திரும்பாமலே இறந்துபோனார்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய அசன் முகம்மது தான் ஆபீசரிடம் சொன்னதையும், ஆபீசர் தன்னிடம் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். ராஜரத்தினம் உத்தரவிட்டதைக் காதால் கேட்டீர்களா என்று மில் தரப்பு வக்கீல் கேட்டார். கையைக் காட்டியதைப் பார்த்தேன் என்றார் அவர். அவர் கையைக் காட்டியது லாரிக்காரனைக் கூப்பிடவாகவும் இருக்கலாம் அல்லவா என்றார் வக்கீல். சிவனாண்டியிடம் உன்னை ஏவியது யார் என்று கேட்டபோது, "யாரும் சொல்லல ஐயா" என்றான். அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு மட்டும் தண்டனை கிடைத்தது. ராஜரத்தினம் வேறு ஊருக்கு மாறிப் போனார்.

அசன் முகம்மது மில்லை விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் சைக்கிள் கடை வைத்தார். மைதானத்துப் பக்கம் போகவில்லை. யாராவது ஒரு பையனைக் கூட்டி வந்து, "பாத்துச் சொல்லுங்க பாய்" என்றால், "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருப்பார்.

1993இல் ஒரு மத்தியானம் கடை வாசல் இருண்டது. நிமிர்ந்தார். சிவனாண்டி. மெலிந்திருந்தான், தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"விட்டுட்டாவ பாய்."

"வா. ஒக்காரு."

உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "இப்ப என்ன செய்யட்டும்?"

அசன் முகம்மது ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒனக்கு என்ன செய்யணும்னு இருக்கு? அதச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நாள் கடையிலேயே இருந்தான். காற்று அடித்தான், பஞ்சர் ஒட்டினான். நூர்பானு, இன்னும் சோறு வேணுமா என்று ஒவ்வொரு தடவையும் அவனைக் கேட்டாள். வேணும் என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் போட்டாள். சொல்ல ஆரம்பித்திருந்தான். அதில் கணவன் மனைவி இருவருக்கும் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அசன் முகம்மது தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கடை திறந்து கிடந்தது. பம்பு தரையில் கிடந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்: "சுந்தரபாண்டியத்துலேருந்து யாரோ ஜீப்ல வந்தாவ பாய். மில் கேட்டுல ஆளத் தூக்கி வீசுனவன் நீதானன்னு கேட்டாவ. ஒசரத்த ஏற எறங்கப் பாத்தாவ. ஏறுன்னாவ. ஏறிட்டான்."