அப்பா பெயர் இல்லாத கட்டம்

பட்டியலை ஒட்டிய அன்றே சண்டை வந்தது.

பிள்ளைகளே, உங்கள் அப்பா நான், கம்பெனி ஸ்டோரில் பார்த்த வேலையைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் இல்லாமல் பார்த்த இந்த வேலையைப் பற்றிச் சொன்னதில்லை. நீங்களும் இப்போது வேலைக்குப் போகிறவர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வேலை வந்த விதம்

ஒரகடம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், கல்லறைத் தோட்டத்தின் முன்பக்கம் போகிறது என்று கோவிலுக்கு நோட்டீஸ் வந்தது. அங்கே இருப்பவர்களின் எலும்புகளை எடுத்துப் பின்பக்கம் அடக்கம் செய்ய வேண்டும். குடும்பத்தார் வந்து கையெழுத்துப் போட்டால் தனிக் குழி. யாரும் வராதவர்களுக்கு ஒரே பொதுக் குழி. பாதிக் கல்லறைகளில் சிலுவையே இல்லை. யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பது பழைய அடக்கப் பதிவேட்டில்தான் இருந்தது. தொட்டால் உதிர்கிற தாள்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். “ஸ்டோர்ல அத்தனை சாமானுக்கும் இடம் சொல்றவன் நீ. இதையும் எடுத்துச் செய்யுப்பா.”

நான் படித்தது ஐ.டி.ஐ. வரைக்கும்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைச் சேர்த்தேன். எல்லாரும் கம்பெனிப் பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் கூடுவோம். பக்கங்களைப் போனில் படம் எடுத்து, பார்த்து எக்செல்லில் அடிப்போம். ஊரைவிட்டுப் போன குடும்பங்களும் தங்கள் முன்னோர் பெயரைக் கேட்டுப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். எங்களோடு அடித்த ஒரு பெண் தன் தாத்தாவின் அப்பா பெயரைக் கண்டுபிடித்து, அடிப்பதை விட்டுவிட்டு எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

வேகமாக அடிப்பவன் முருகேசன். திருநெல்வேலிப் பக்கம். கோவிலுக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கி, கார் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்த்தான். “எங்க பாட்டனுக்கு அப்பன் பேரு எனக்கே தெரியாதுண்ணே. இவுக பேரையாவது ஒழுங்கா அடிப்போம்” என்பான்.

ரோசம்மா அக்கா அந்த அறைக்கு ஒருநாள் வந்தார். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தனியாக இருப்பவர். வாசலிலேயே நின்றார்.

“தம்பி, என் புள்ள அங்கதான் கீறான். மூணு மாசக் கொழந்த. மழயில சிலுவ அட்ச்சிக்கினு பூட்ச்சி. எந்த எடம்னு மட்டும் காட்டு, மத்தத நான் பார்த்துக்கறேன்.”

பதிவேட்டில் பார்த்து இடம் காட்டுகிறேன் அக்கா என்றேன்.

சண்டை

பட்டியலைக் கோவில் சுவரில் ஒட்டினோம். பெயர், வயது, அப்பா பெயர், அம்மா பெயர், வரிசை. முன்னால் நின்ற மேரி அக்கா விரலை வைத்துப் படித்தார். அவர் கணவர் சூசை அண்ணன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய பெண் குழந்தை ஒன்று அந்த வரிசையில் இருந்தது. அதற்கு அடுத்த பெயர் ரோசம்மா அக்காவின் மகன் ஜான்.

“இன்னாடா இது, எங்க வூட்டுக்காரரு பேரு ரெண்டு தபா கீது?” என்றவர் பக்கத்துக் கட்டத்தையும் படித்துவிட்டார். “ரோசா புள்ளைக்கு இவரு அப்பனா? செத்த மனுசன் எழுந்து வந்து கேக்க மாட்டாருன்னு எழுதி வெச்சீங்களா?”

பின்னால் யாரோ, “பழய கத இப்பதான் சொவத்துக்கு வருது” என்று சிரித்தார்கள்.

ரோசம்மா அக்கா அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தார். திரும்பி, கோவில் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறுதான் கையெழுத்துக்குக் கடைசி. அவர் வராவிட்டால் அந்தக் குழந்தை பொதுக் குழிக்குப் போய்விடும்.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தோம். ஊர், சாமியார் பெயர் ஆகிய கட்டங்களில் மேற்படி, மேற்படி என்று இருந்தது. ஜானுக்கு அப்பா பெயர்க் கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

முருகேசன் முகம் செத்துவிட்டது. “நான்தாண்ணே. இதுவும் மேற்படின்னு நெனச்சு எக்செல்ல மேல உள்ள பேரப் புடிச்சு கீழ இழுத்துட்டேன். கம்பெனி லைன்ல செக் ஷீட்ல ஒரு கட்டம் காலியா கெடந்தா ஆடிட்ல ஏசுவாவ. கை தானாப் போயிட்டு.”

அவனை என்ன சொல்வது? எங்கள் எல்லாருக்கும் அந்தக் கைதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பச் சொல்லித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

இரண்டு வீடுகள்

ஃபாதரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டைத் துணியில் சுற்றி முதலில் மேரி அக்கா வீட்டுக்குப் போனோம். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஜானின் வரியில் விரலை ஓட்டி, காலிக் கட்டத்தில் நிறுத்தினார். தன் குழந்தையின் பெயரை ஒருதரம் தடவினார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“நட. அவ வூட்டுக்கு நானே வரேன்.”

ரோசம்மா அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

“ரோசா, நாலு பேரு எதிர்ல வாய வுட்டுட்டேன்” என்றார் மேரி அக்கா. “அதே நாலு பேரு எதிர்ல தப்புன்னு சொல்றேன், வா.”

“நீ இன்னாக்கா பண்ணுவ. காயிதத்துல அப்டி இருந்திச்சி.”

முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அக்கா, காலியா விட்டுருக்காவளேன்னு நான்தான் நெரப்பிட்டேன்.”

“அத நான்தான் காலியா வுடச் சொன்னேன் தம்பி” என்றார் ரோசம்மா அக்கா. “பழய ஃபாதர் பேனாவ வெச்சிக்கினு கேட்டாரு, அப்பன் பேரு இன்னாம்மான்னு. புள்ள சாவக் கெடக்கும்போது எட்டிப் பாக்காதவன் பேரு எதுக்குச் சாமின்னேன். அவரு பேனாவ மூடிட்டாரு.”

மேரி அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும், ஷிப்டு இல்லாத நேரமெல்லாம், அடித்த பக்கங்களைத் திரும்பச் சரிபார்த்தோம். ஒருவர் பதிவேட்டைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் திரையில் பார்த்துத் திருத்துவார். வெறும் கட்டம் வந்தால் ‘காலி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படி இழுத்து நிரப்பியவை இன்னும் சில கிடைத்தன. உரியவர்கள் உயிரோடு இருந்தால் வீட்டுக்கே போய்க் கேட்டோம். இல்லாவிட்டால் காலியாகவே விட்டோம்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். எழுதாமல் விட்டதும் ஒருவர் யோசித்துச் செய்ததாக இருக்கலாம். தெரியாததைத் தெரிந்தது போல எழுதாதீர்கள். போய்க் கேளுங்கள்.

கடைசி ஞாயிறு ரோசம்மா அக்கா வந்து கையெழுத்துப் போட்டார். எல்லாரும் பார்க்க, கூடவே மேரி அக்கா நின்றார். இடம் மாற்றிய அன்று, இரண்டு குழந்தைகளின் எலும்புகளையும் எடுத்து வைத்த வெள்ளைத் துணிகளை அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கொண்டுபோனார்கள். அடுத்தடுத்த குழிகளில் வைத்தோம்.

புதுச் சிலுவையில் பெயர் எழுத வந்த பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு கேட்டார்: “ஜான், சரி. அப்பா பேரு இன்னாம்மா போடணும்?”

“ரோசம்மா மகன்னு போடு” என்றார் அக்கா.

பெயிண்டர் அப்படியே எழுதினார்.