வாவியில் ஊறிய துவக்கு

விரல்கள் கரி பூசிய இரும்புக் குழலை மெல்லத் தூக்கின. அது படுத்திருந்த மரப் பள்ளத்தில், குழல் முட்டிய இடத்தில், எள்ளளவு கறுப்புப் புள்ளி ஒன்று பதிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் கண்ணாடித் துண்டால் சுரண்டி, தூளைத் துடைத்து, குழலை மறுபடி படுக்கவைத்துத் தூக்கின. புள்ளி இப்போது அரை எள்.

"விடிஞ்சதிலயிருந்து தூக்கித் தூக்கிப் படுக்கவைக்கிறீங்க காக்கா. ஏணைப்பிள்ளையா இது?" என்றார் எதிரே குந்தியிருந்த, வயல்வெளிகளுக்குப் பொறுப்பான வட்டை விதானை வினாயகமூர்த்தி.

ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் கச்சி முகம்மது நிமிரவில்லை. ஏறாவூரில் பூட்டு, குடை, தையல் மெசின் எது பழுதானாலும் அவரிடம்தான் வரும். யாரும் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை. கலியாணமான புதிதில் மாமனாரின் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பூட்ட நாற்பது நாள் எடுத்தார். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை என்பதை அவர் இன்றும் சொல்லுவார். நாற்பது நாளும் மாமனார் நேரம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்கு நடந்ததை மனைவி நஸீறா சொல்லுவாள்.

விதானையாரின் துவக்கு வாய்வழியே வெடிமருந்து இடிக்கும் பழைய சாதித் துப்பாக்கி. குழலின் அடியில் மூன்று காதுகள். குழல் படுக்கும் மரக்கட்டையின் பக்கவாட்டில் மூன்று துளைகள். காதும் துளையும் நேர்ப்பட்டால் மூன்று ஊசியாணிகள் உள்ளே போய்க் குழலைப் பிடித்துக்கொள்ளும். இப்போது எதுவும் நேர்ப்படவில்லை.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட கிழமை, அரசாங்கம் சண்டைக்குத் துவக்குகளை எடுக்கப்போகிறது என்று விதானையார் சந்தையில் கேள்விப்பட்டார். அன்றே குழலைக் கூரைக்குள் செருகினார். கட்டையை, கிடுகு பின்ன வாவியில் ஊறப்போட்டிருந்த தென்னோலைக்கடியில் அமிழ்த்தினார். வாவியில் ஊறிய மரத்தை உளுப்பூச்சி தொடாது என்பது அவருடைய யோசனை. உளு தொடவில்லைத்தான். எட்டு மாதம் ஊதிய கட்டை, அடுப்புக்கு மேல் காயவைத்ததும் முறுகிவிட்டது. துவக்கை எடுக்க யாரும் வரவில்லை. அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கத் துவக்கோடு வரும்படி அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. இன்று கடைசி நாள். பத்திரம் போனால் துவக்கும் போகும். பிறகு கதிர் தள்ளும் வயலைப் பன்றிகள் பார்த்துக்கொள்ளும்.

"ஒரு சுத்தியலைத் தாங்க காக்கா, நான் இறுக்கிவிடுறன்."

"உங்கட மச்சான் சாமித்தம்பி ஆணிக்குப் பதிலா இந்தத் துளையில அடிச்சு முறிச்ச சைக்கிள் கம்பியை எடுக்கவே நேத்து முழுக்கப் போச்சு. துவக்கு நம்பர் குழலுக்கு அடியில கிடக்கு. கச்சேரித் தொரை அதைப் பாக்கக் கழட்டிக் காட்டச் சொல்லுவார், மறுகா பூட்டச் சொல்லுவார். சுத்தியலோடயா போவீங்க? பெருவிரலால தள்ள ஆணி போகணும்."

முதல் ஆணி போயிற்று. சற்று நேரத்தில் இரண்டாவதும். மூன்றாவது பாதியில் நின்றது.

விதானையார் வெயிலைப் பார்த்தார். "மூண்டில ரெண்டு போதாதா? இப்ப வண்டி கட்டினாத்தான் கச்சேரி பூட்டமுன்னம் போகலாம்."

"உங்கட நாற்காலிக்கு மூண்டு கால் போதுமெண்டா எனக்கும் போதும்."

தேத்தண்ணி கொண்டுவந்த நஸீறா கோப்பையை விதானையார் முன் வைத்தாள். "எனக்கு அலுமாரி செய்யத் தொடங்கிப் பதினொரு வருசம், விதானையார். கதவு ஒரு மயிரிழை கூடவாம்."

விதானையார் தேத்தண்ணியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆணியைத் தடுத்த, குழல்வாய்ப் பக்கத்துப் புள்ளி எவ்வளவு சுரண்டியும் குறையவில்லை. கண்ணாடி அதில் வழுக்கியது. கச்சி முகம்மது ஊசி எடுத்து, மூச்சை அடக்கி, அதன் ஓரத்தைக் கிண்டினார். மரத்தின் நிறத்தில் ஏதோ பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. ஒட்டுச் சிப்பி, உளுந்தில் பாதி.

"துவக்குக்குள்ள ஒருத்தர் குடியிருந்திருக்கிறார், விதானையார்."

"அவருக்கும் பத்திரம் எடுக்கணுமோ?" என்று விதானையார் மெய்யாகவே பயந்து கேட்டார்.

சிப்பி இருந்த இடத்தை வழித்துக் குழலை அமர்த்தியதும் மூன்றாவது ஆணி சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. கச்சி முகம்மது மூன்றையும் தள்ளி எடுத்து, துவக்கை விதானையாரின் மடியில் வைத்தார். "தொரைக்கு முன்னால பூட்டுற மாதிரிப் பூட்டுங்க."

பெருவிரல் தள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. விதானையாரின் முகம் மலர்ந்தது. கழற்றினார், பூட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"நல்லாப் போகுது காக்கா. இன்னும் ஒருக்காப் பாக்கட்டா?"

"வண்டியைக் கட்டுங்க," என்று துவக்கை வாங்கி, ஆணிகளைத் தானே பூட்டித் துடைத்து, குழலின் வாயை நிலத்துக்குக் காட்டியபடி இரண்டு கையாலும் நீட்டினார் கச்சி முகம்மது.