பூட்டு வேண்டாம் என்றாள்

எங்கள் மகள் எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தாள். பதினாறு நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பினேன் என்றால் கீழ்வீட்டிலிருந்து மாடியறைக்கு ஏறிப் போனேன், அவ்வளவுதான். கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். என் மனைவி தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிரசவத்துக்காக எடுத்த விடுப்பு அவளுக்கு அப்படியே மிச்சம் கிடந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது வயதான நர்ஸ் ஒருவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "ஒருத்தருக்கொருத்தர் பேசுங்க. பேச முடியலன்னா எழுதவாவது செய்யுங்க. உள்ளயே வச்சிருந்தா ஆளத் தின்னுரும்."

பேச முடியவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தேன். கையால் எழுதிப் பல வருடம் ஆனதால் யாரோ எழுதியது போல இருந்தது. நாலு வரியோடு கிழித்துவிட்டேன். அப்போதுதான் வேலையில் கேள்விப்பட்டிருந்த ஒரு நாட்குறிப்புக் கருவி நினைவுக்கு வந்தது. அதில் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கூடவே ஒரு வரி எழுதி என்டர் அடித்தால், தேதியும் மணியும் போட்டு ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளும். யார் எட்டிப் பார்த்தாலும் ஆபீஸ் வேலை என்றே நினைப்பார்கள். எனக்கு அது போதும்.

நிறுவியதும் இரண்டு கேள்வி கேட்டது. கோப்பை எங்கே வைக்க வேண்டும்? பூட்ட வேண்டுமா? ஆம் என்று கடவுச்சொல் கொடுத்தேன். மறந்துவிட்டால் திறக்க வேறு வழியில்லை என்று எச்சரித்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அந்த நாளைத்தான் எழுதினேன். தேதியை மட்டும் போட்டு, "ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள்" என்று எழுதினேன். திறந்து பார்த்தால் காலை ஒன்பது மணி என்று பதிவாகியிருந்தது. பழைய தேதிக்கு மணி சொல்லாவிட்டால் ஒன்பது என்று எடுத்துக்கொள்ளும்படி அதன் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறது. ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்கு எதுவும் நடக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் கட்டிலில் சாய்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். சட்னியில் உப்பு கூடிவிட்டதென்று என்னை ஏசினாள். மத்தியானம்தான், "ஏங்க, காலைலருந்து பாப்பா அசையவே இல்ல" என்றாள். டாக்டர் ஸ்கேன் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டது மாலை நாலு இருபதுக்கு. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த ஒன்பதை நாலு இருபது ஆக்கிவிட்டு, அமைப்புக் கோப்பிலிருந்த ஒன்பது மணியையும் மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. அரைநாள் பிடித்தது.

அதற்குப் பிறகு மறுநாள் நடந்ததை எழுதினேன். குழந்தையை அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "முகத்தப் பாத்தா மறக்க மாட்டா, பச்ச ஒடம்புக்காரி, தாங்க மாட்டா" என்றார்கள். அவள் மயக்க மருந்தின் அரைத் தூக்கத்தில் இருந்தாள். அவளைக் கேட்காமலே நானும் தலையாட்டினேன். மாமாவும், அதாவது அவள் அப்பாவும், நானும் குழந்தையைக் காரில் என் மடியில் வைத்துக்கொண்டு பசுவந்தனைக்குப் பக்கத்திலிருக்கும் அவருடைய நிலத்துக்குப் போனோம். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆள் பிடிக்கலாம் என்றேன். மாமா கேட்கவில்லை, கடப்பாரையை எடுத்து அவரே தோண்டினார். இவ்வளவையும் அந்தக் கறுப்புத் திரையில் எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரசவமான மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தபோதுகூடச் சொல்லவில்லை.

ஒருநாள் அவள் காப்பியோடு மாடிக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"இது ஆபீஸ் வேல இல்லயே. என்ன எழுதுதீங்க?"

"டைரி மாதிரி."

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க."

அவளுடைய பழைய லேப்டாப்பில் அதை நிறுவினேன். கல்யாணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் ஹையர் பரீட்சை முடித்தவள் அவள். அதனால் விசைப்பலகையைப் பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாற்றிக் கொடுத்தேன். என்னைவிட மூன்று மடங்கு வேகமாக அடித்தாள். கருவி அதே இரண்டாவது கேள்விக்கு வந்தது.

"பூட்டு வச்சிரட்டுமா? ஒனக்கு மட்டும் தொறக்க மாதிரி?"

"பூட்டெல்லாம் வேண்டாம்."

"யாராச்சும் பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும்."

அதன்பின் அவள் தினமும் எழுதினாள். தட்டும் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். நான் அந்த லேப்டாப் பக்கமே போகவில்லை. பூட்டில்லாத கோப்பைப் படிக்காமல் இருப்பது அவளுக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது, எழுத்தெல்லாம் உடைந்து தெரிகிறதென்று சொன்னாள். கருவி ஒவ்வொரு வரியையும் குறிப்பிட்ட அகலத்தில் மடக்கும். அந்தத் திரையில் தமிழ் மடங்கும்போது கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் போய் விழுந்துகொண்டிருந்தது. மடக்குவதை நிறுத்தினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே, கடைசியாக எழுதிய ஒன்றை மட்டும் காட்டச் சொல்லித் தட்டினேன்.

"இன்றும் அவர் படிக்கவில்லை. பாப்பாவை எங்கே வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்பாவைக் கேட்க எனக்கு மனமில்லை, இவர்தான் சொல்ல வேண்டும். கேட்டால் முகம் செத்துவிடும். என்றைக்காவது இதைப் பார்த்தால் அவராகவே சொல்லட்டும்."

கை நிற்கவில்லை. அதற்கு முந்தியதைக் கேட்டேன். அதற்கும் முந்தியதைக் கேட்டேன். பாதி நாள்களில் ஒரே வரிதான் இருந்தது: இன்றும் படிக்கவில்லை.

அடுக்களையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"பூட்டு வேண்டாம்னு எதுக்குச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

"பூட்டு இல்லன்னாலும் நீ எழுதுதத நான் பாக்கக்கூடாதுன்னு..."

"நாலு மாசமா ஒங்களுக்குத்தான் எழுதுதேன்."

மாடிக்குக் கூட்டிப்போய் என் கோப்பைத் திறந்தேன். வாசித்துக் காட்டத்தான் நினைத்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் மெதுவாகப் படித்தாள். தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நின்று வேலை முடிந்த பெண்களை இறக்கிவிட்டுப் போனது. ஓரிடத்தில் அவள் விரல் திரையைத் தொட்டது.

"கால் வெரலு நீளமா இருந்துச்சா?"

"ஆமா. ஒன்னோடது மாதிரி. முடி நெறைய இருந்துச்சு."

"எல்லாரும் பாத்துருக்கீங்க." அவள் சத்தம் போடவில்லை. "நான் ஒருத்திதான் பாக்கல."

"நானும் சரின்னு தலையாட்டுனேன். ஒன்னக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றாள். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் பசுவந்தனைக்குப் போனோம். மாமா ரோட்டில் காத்திருந்தார். நிலம் முழுவதும் விதைத்த உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. ஈரக் கரிசல் செருப்பை இழுத்துக்கொண்டது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். உழுத நிலத்தில் எதை அடையாளம் காட்டுவது என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். வடக்கு ஓரத்தில் உளுந்து முளைத்த உழவுச் சால் ஒன்று நேராக வந்து, ஓரிடத்தில் கோணலாக வளைந்து, பிறகு மறுபடியும் நேராகப் போனது. அந்த வளைவுக்குள் ஒரு கட்டில் அளவுக்கு மண் உழாமல் கிடந்தது. புல் முளைத்திருந்தது.

"டிராக்டர்காரன்ட்ட இங்கன மட்டும் சுத்திப் போவச் சொன்னேம்மா" என்றார் மாமா. "எதுக்குன்னு கேட்டான். சொல்லல."

அவள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நானும் மாமாவும் தயாராக நின்றோம். அழவில்லை. புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் போட்டாள். மாமாதான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் இருந்திருப்போம். கிளம்பும்போது, "அப்பா, வருசா வருசம் இத விட்ருங்க" என்றாள். "நான் உசுரோட இருக்க மட்டும் விட்ருதேன் தாயி" என்றார் அவர்.

தீபாவளி கழிந்து அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் வாரத்தில் ஒருநாள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஏறி வந்தாள்.

"புதுசா வந்த டீச்சர் ஒருத்தி, ஒங்களுக்கு எத்தன பிள்ளைகன்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"ஒரு பொம்பளப் பிள்ளன்னேன். என்ன வயசுன்னா. பெல் அடிச்சிட்டுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கும் அந்த டீச்சர் கேட்டால் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். இருட்டும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.